சந்தியாகுவின் காலை எடை

சந்தியாகு ஒரு இட்லியைக் குறைத்துச் சாப்பிட்டால் உப்புத்துறையில் பெட்ரோல் விலை ஏறும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கிண்டல் பண்ணுகிறோம் என்று நினைப்பார்கள். கிண்டல் இல்லை. காலைச் செய்தியில் முதலில் சந்தியாகுவின் எடை, அப்புறம் ரூபாயின் மதிப்பு, கடைசியில் மழை வருமா வராதா. வரிசை அப்படித்தான். மழையைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

உப்புத்துறை கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு, ஆனால் தனி நாடு. உப்பும் கருவாடும் தவிர வேறெதுவும் கிடையாது. அரிசி, பால்பவுடர், மருந்து, பெட்ரோல் எல்லாம் கப்பலில் வந்தாக வேண்டும். கப்பல்காரன் உப்புத்துறை ரூபாயைக் கையால் தொட மாட்டான். "உங்க மத்திய வங்கியில கையிருப்பு என்ன இருக்கு?" என்றுதான் கேட்பான். ஒரு காலத்தில் தங்கம் இருந்தது. பிறகு எவனோ ஒரு புண்ணியவான் கடல்நீரிலிருந்து தங்கத்தை வடிக்க வழி கண்டுபிடித்தான். கொஞ்ச நாளில் தங்கம் பித்தளை விலைக்கு வந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் நகையை வேண்டாம் என்று சொல்லி ஃபிரிட்ஜ் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கருங்காய்ச்சல் வந்தது. வந்தவர்களில் பிழைத்தவர்கள் ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேர். ஒரு நாட்டுக்கு ஒருவர், இருவர். அவர்கள் ரத்தத்தில் அந்தக் காய்ச்சலைக் கொல்லும் ஏதோ ஒன்று இருந்தது. எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதைச் செய்ய முடியவில்லை. எல்லாருக்கும் வேண்டும், யாராலும் செய்ய முடியாது. கையிருப்புக்கு இதைவிட வேறென்ன லட்சணம் வேண்டும்? நாடுகள் கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டன. பிழைத்த ஆளை எந்த நாடு பத்திரமாக வைத்திருக்கிறதோ அந்த நாட்டுக்குக் கடன் கிடைக்கும், கப்பல் வரும்.

உப்புத்துறைக்கு வாய்த்தது ஒரே ஆள். துறைமுகம் வழித்தட பஸ்ஸில் கண்டக்டர், பெயர் சந்தியாகு. அதே காய்ச்சலில் அவர் மனைவி போய்விட்டாள். பள்ளிக்கூடம் போகும் மகள் பிலோமினா அத்தை வீட்டில் இருந்ததால் தப்பித்தாள்.

மத்திய வங்கியில் தங்கக் காப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்த தையல்நாயகி என்ற இளம் அதிகாரிக்கு அன்றிலிருந்து சந்தியாகுவைப் பார்த்துக்கொள்வது வேலையாயிற்று. தங்கத்தை எடுத்துவிட்டு அதே காப்பறையில் கட்டில், மின்விசிறி, தொலைக்காட்சி போட்டார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளேயும் வெளியேயும் தொலைபேசி. சாப்பாடு போக இரட்டைக் கதவு வைத்த ஒரு ஜன்னல். கிருமி போகக்கூடாது என்பதால் ஆள் போகக்கூடாது.

முதல் நாள் சந்தியாகு தொலைபேசியை எடுத்துக் கேட்டார். "அப்ப நான் தங்கமா மேடம்?"

"தங்கத்துக்கு இப்ப மதிப்பில்லைங்க. நீங்க அதுக்கும் மேல."

"ரத்தத்தை எடுத்து விக்கப் போறீங்களா?"

"ஐயய்யோ, ஒரு சொட்டுகூட எடுக்க மாட்டோம். எடுத்தா குறையும். குறைஞ்சது திரும்ப ஊறுமான்னு யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சுக்கலாமே."

"தெரிஞ்சுக்கணும்னா எடுத்துப் பார்க்கணும். எடுத்தா குறையும்."

சந்தியாகு இதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் போட்டு மென்றார். "அப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"நீங்க இருக்கணும். அவ்வளவுதான்."

"படிக்கட்டுல தொங்கிட்டே வேலை பார்த்தவனை உட்காருன்னு சொன்னா எப்படி மேடம்?" என்றார். ஆனால் உட்கார்ந்தார். வேறு வழியில்லை. தீவு முழுக்கப் பால்பவுடருக்கு வரிசையில் நின்ற காலம் அது.

வருஷங்கள் ஓடின. தையல்நாயகிக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பதவி உயர்ந்து, அவளுக்கும் சந்தியாகுவுக்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தலை நரைத்தது. 'ஐயா' போய் 'அண்ணே' வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோமினா வருவாள். சீருடையில் வந்தவள் தாவணியில் வந்தாள், பிறகு படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போய் அந்த நீலச் சட்டையில் வந்தாள். அப்பனும் மகளும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தொலைபேசியில் சண்டை போடுவார்கள். சில்லறை இல்லை என்று சொல்லும் பயணியை எப்படிச் சமாளிப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை.

வருஷத்துக்கு இரண்டு முறை ஒப்பந்த நாடுகளிலிருந்து சரிபார்ப்பாளர்கள் வருவார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பெயரைக் கேட்பார்கள். திரும்பி நிற்கச் சொல்வார்கள். பிறகு 'சரி' என்று குறித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவார்கள். தங்கம் இருந்த காலத்திலும் வழக்கம் அதுதான். கட்டியை எண்ணிப் பார்ப்பார்கள், உருக்கிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் அப்படியே மனுஷனுக்கும் வந்தது. அது விநோதம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தையல்நாயகிக்கும்தான்.

ஒரு ஞாயிறு பிலோமினா வரவில்லை.

"எங்க மேடம் அவ?"

"ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்காளாம் அண்ணே." கையிருப்புக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது விதி. மனசு கலங்கினால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் எடை குறையும், அப்புறம் நடப்பது தெரிந்ததுதான்.

சந்தியாகு அவள் முகத்தைப் பார்த்தார். "பாஸ் வீட்ல இருக்குன்னு சொல்ற பசங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும். சொல்லுங்க மேடம்."

தையல்நாயகி சொன்னாள். எங்கிருந்தோ வந்த கப்பலில் கருங்காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. படகுத்துறையில் முதலில் விழுந்தவர்களில் பிலோமினாவும் ஒருத்தி. துறைமுக ஆஸ்பத்திரியில் ஒரு வார்டே நிரம்பிவிட்டது.

சந்தியாகு தொலைபேசியைத் தோளில் இடுக்கினார். சட்டைக் கையை மேலே சுருட்டினார். "எடுங்க," என்றார்.

தையல்நாயகி கவர்னரிடம் போனாள். வங்கியின் கவர்னர் நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் முடியாது என்றார்.

"கையிருப்பைத் தொட்டோம்னு தெரிஞ்சா, நமக்கு அவசரம் வந்துடுச்சுன்னு வெளிய தெரிஞ்சுடும்மா."

"அவசரம் வந்துடுச்சே சார்."

"வந்துடுச்சு. அதனாலதான் தொடக்கூடாது."

"அப்ப எப்பதான் சார் தொடலாம்?"

"அவசரம் இல்லாதப்ப தொடலாம். ஆனா அப்ப எதுக்குத் தொடணும்?"

இதற்குப் பொருளாதாரத்தில் ஏதாவது பதில் இருக்கும். அந்த வகுப்பு நடந்த அன்று தான் மட்டம் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தபடி தையல்நாயகி படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். பிலோமினாவின் முதல் தாவணிக்கு நிறம் சொன்னதே அவள்தான். கையைக் கட்டிக்கொண்டு அது சாவதைப் பார்க்க அவளால் ஆகாது. ஆகாது என்றால் ஆகாதுதான்.

சனிக்கிழமை மதியம், உலகத்துச் சந்தையெல்லாம் மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து வங்கியின் மருத்துவர் இத்ரீஸைக் கூட்டிக்கொண்டு காப்பறைக்குப் போனாள். அவருக்கும் அந்த வார்டில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அதனால் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவை இத்தனை வருஷத்தில் திறந்ததே இல்லை. கீல் இறுகிப் போயிருந்தது. "நீங்க தள்ளுங்க மேடம், நான் இழுக்கிறேன்," என்று சந்தியாகு உள்ளிருந்து சொன்னார். கதவு திறந்ததும் அவர் செய்த முதல் காரியம் அவள் மணிக்கட்டைப் பிடித்ததுதான்.

"கை சில்லுனு இருக்கே மேடம்," என்றார். பிடித்த கையை விடவில்லை.

இத்ரீஸ் ஒரு ஊசி ரத்தம் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மருந்தாக மாற்றுவதற்கு முன் எவ்வளவு பலம் என்று பார்க்க வேண்டும். போனவர் சீக்கிரமே திரும்பி வந்து, அவளை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லன்னா?"

"உங்க ரத்தமும் அவர் ரத்தமும் ஒண்ணு. எல்லாம் வத்திப் போச்சு."

"எப்பலேருந்து?"

"போன மாசமா இருக்கலாம். அவர் உள்ள வந்த மறுவருஷமே போயிருக்கலாம். யார் பார்த்தா?"

தையல்நாயகிக்கு முதலில் பிலோமினா முகம்தான் வந்தது. அதற்கப்புறம், இத்தனை வருஷம் வந்த கப்பல்கள் எல்லாம் எதை நம்பி வந்தன என்று யோசித்துப் பார்த்தாள். ஆனால் பால்பவுடர் நிஜமாகத்தான் வந்தது. அவளே அதில் காபி போட்டிருக்கிறாள்.

சந்தியாகுவிடம் அவள்தான் சொன்னாள். அவர் சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எம் பொஞ்சாதி சாகுறப்ப என் ரத்தத்துல மருந்து இருந்துச்சு. எனக்குத் தெரியல. இப்ப தெரியுது, மருந்து இல்ல." கண்ணாடியைப் பார்த்தார். "நடுவுல இருந்ததெல்லாம் இதுக்குப் போச்சு."



"என்னை அவகிட்ட கொண்டுபோய் விடுங்க மேடம்."

"காய்ச்சல் ஒட்டிக்கும் அண்ணே. இப்ப உங்களுக்கும் பாதுகாப்பு இல்ல."

"ஒட்டட்டும்."

உங்களுக்கு ஏதாவது ஆனால் நாடு என்ன ஆகும் என்று அவள் வாய் வரைக்கும் வந்தது. இவ்வளவு நேரம் கழித்து அதைக் கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கையிருப்பை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக கவர்னர், மந்திரிசபை, ஒப்பந்த நாடுகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஊருக்குள்ளேயே இடம் மாற்றப் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்து போதும். தங்கக் கட்டிகளை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மாற்றிய காலத்து விதி, யாரும் திருத்தாமல் விட்டிருந்தார்கள். தையல்நாயகி கையெழுத்துப் போட்டாள். நோட்டுக்கட்டு ஏற்றும் வங்கி வேனை இத்ரீஸே ஓட்டினார். வாசல் காவலர்கள் கையெழுத்தைப் பார்த்தார்கள், உள்ளே போர்வைக்குள் யார் என்று பார்க்கவில்லை. வேன் கிளம்ப வேண்டிய நேரத்தில் உள்ளிருந்து தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது.

"போலாம், ரைட்," என்றார் சந்தியாகு. பழக்கம்.

ஆஸ்பத்திரியில் அவரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. நாட்டில் அவர் எடை தெரியாத குழந்தை கிடையாது. முகத்தை யார் பார்த்தார்கள்? நர்ஸ் ஒருத்தி, "பெரியவரே, மாஸ்க்கை மூக்குக்கு மேல போடுங்க," என்று அதட்டிவிட்டுப் போனாள். அவர் மகளின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பிலோமினா கண்ணைத் திறந்தாள்.

"அப்பா. கண்ணாடி எங்க?"

"கழட்டிட்டாங்கம்மா."

"சும்மா சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூரா அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த படகோட்டி அன்று மத்தியானம் இறந்தான். சாயங்காலம் இன்னொருவர். திங்கள் விடிகிற நேரத்தில் பிலோமினாவுக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. மருந்து எதுவும் இல்லை, அவள் உடம்பு பார்த்துக்கொண்டது.

சந்தை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எடை பார்ப்பதில்லை; திங்கள் காலை எடை பார்க்கும் நேரத்துக்கு முன்னால் சந்தியாகு காப்பறைக்குத் திரும்பிவிட்டார். எடை கொஞ்சம் குறைந்திருந்தது. ரூபாயும் கொஞ்சம் சரிந்தது, வெங்காயம் விலை ஏறியது. ஊரில் ஆளாளுக்கு அவர் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், கோயிலில் அர்ச்சனை வைத்தார்கள், பள்ளிவாசலில் துவா கேட்டார்கள். அவருக்குக் காய்ச்சல் ஒட்டவில்லை. அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை என்றார் இத்ரீஸ்.

அதே இத்ரீஸ் இரண்டு நாள் கழித்துத் தையல்நாயகியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். பிலோமினாவின் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்.

"நம்ம நாட்டுக்குக் கையிருப்பு கிடைச்சிடுச்சு மேடம்," என்றார். இழவு சொல்ல வந்தவர் முகமாக இருந்தது.

விதி தெளிவாக இருந்தது. பிழைத்தவர் யார் என்று தெரிந்தவுடன் மேலே சொல்ல வேண்டும். சொன்னால் வற்றிப் போனவரை விட்டுவிடுவார்கள். நிறைந்தவளை உள்ளே வைப்பார்கள். தையல்நாயகி அன்று மேலே சொல்லவில்லை. வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தாள். மறுநாள் காப்பறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்து, எல்லாவற்றையும் சந்தியாகுவிடம் சொன்னாள்.

"சொன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம். அவ இங்க வரணும். சொல்லலேன்னா நீங்க கடைசி வரைக்கும் இங்கதான்."

"சொல்லாதீங்க."

"உங்களுக்கு வெளிய வரணும்னு இல்லையா அண்ணே?"

"இல்லாம என்ன?" என்றார். "ரோட்டுல பஸ் போற சத்தம் கேட்டா இன்னும் கை விசிலைத் தேடுது. சனிக்கிழமை வேன்ல போனேனே, அந்த வளைவுல சாய்ஞ்சப்ப எனக்கு உசுரே வந்துச்சு. வெளிய வரணும்னு செத்துக்கிட்டிருக்கேன் மேடம். ஆனா அவ இதுக்குள்ள வரக்கூடாது." கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "என்னைத்தான் யாரும் பார்க்கிறதில்லையே. ஆள் இருந்தா போதும். நான் இருக்கேன்."

தையல்நாயகி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவள் அழுதது அதுதான் முதல் முறை.

"ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க," என்றார் சந்தியாகு. "ஞாயித்துக்கிழமை மட்டும் கதவைச் சாத்தாதீங்க."

அடுத்த வாரத்திலிருந்து காப்பறைக்கு ஞாயிறு மதியம் 'பராமரிப்பு' என்று ஏற்பாடாயிற்று. பராமரிப்புக்கு வருகிறவள் பிலோமினா. வரும்போது துறைமுகத்து வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவருவாள். திங்கள் காலைகளில் ரூபாய் நன்றாக ஏற ஆரம்பித்ததற்கு நிபுணர்கள் பல காரணங்கள் சொன்னார்கள்.

பிலோமினாவிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் நேராக அந்த வார்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். இத்ரீஸ் எடுத்து, மருந்தாக்கி, ஊட்டச்சத்து ஊசி என்று பெயர் சொல்லிப் போட்டார். அதற்கப்புறம் அந்த வார்டில் யாரும் சாகவில்லை. அடுத்த மாதம் பார்த்தபோது அவள் ரத்தத்தில் குறைந்தது முழுக்கத் திரும்ப ஊறியிருந்தது. எடுக்க எடுக்க ஊறுகிற சரக்கு அது. எடுக்காமல் வைத்தால்தான் வற்றும் போலிருக்கிறது.

"இதை உலகத்துக்குச் சொல்லிட்டா என்ன டாக்டர்? எல்லா நாட்டுலயும் இவங்களைத் திறந்து விட்டுடலாமே."

"ஊறும்னு தெரிஞ்சா மதிப்பு போயிடும் மேடம். கடல் தங்கம் கதைதான்."

"போனா?"

"பால்பவுடர் போயிடும்."

உப்புத்துறையில் மட்டும் காய்ச்சல் ஏன் நின்றது என்பதற்கு, தீவின் உப்புக்காற்று என்று செய்தியில் காரணம் சொன்னார்கள்.

பிலோமினாவுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை படகுத்துறையிலேயே வேலை பார்க்கிற பையன். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது. 'பராமரிப்பு' மூன்று பேரானது. தையல்நாயகி ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவளுக்கு இருந்த ஒரே பயம் தனக்கு அடுத்து வருகிற அதிகாரி எப்படிப்பட்டவர் என்பதுதான்.

அந்த முறை சரிபார்ப்புக்கு நல்லதம்பி என்பவர் தனியாக வந்தார். தெற்கே இன்னொரு தீவு நாட்டு வங்கியில் தையல்நாயகி பார்க்கிற அதே வேலையைப் பார்ப்பவர். குட்டையான மனிதர், ரொம்பக் கறார் என்று பேர். கண்ணாடிக்கு முன்னால் நின்று தொலைபேசியை எடுத்தார்.

"பெயர்?"

"சந்தியாகு."

"திரும்புங்க."

சந்தியாகு திரும்பினார். முதுகுப் பக்கம் சட்டையில் எண்ணெய்க் கறை. நல்லதம்பி பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர் நின்றுவிட்டார். பார்வை கண்ணாடியின் அடிப்பக்கம் போனது, முழங்கால் உயரத்தில். அங்கே ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக, பக்கத்தில் மூக்கை அழுத்திய மாதிரி ஒரு வட்டம். நல்லதம்பி குனிந்து தன் விரலால் அதைத் துடைத்துப் பார்த்தார். அழியவில்லை.

"உள்பக்கமா இருக்கு," என்றார்.

சந்தியாகு, பிலோமினா, அந்தக் குழந்தை, துறைமுகத்தில் நிற்கிற கப்பல் எல்லாம் தையல்நாயகியின் கண்முன்னால் ஓடின. "துடைக்கச் சொல்றேன் சார்," என்றாள்.

நல்லதம்பி இன்னும் குனிந்தபடியே இருந்தார். எழுந்திருக்க முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுந்து, 'சரி' என்று குறித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"துடைக்காதீங்கம்மா," என்றார். "எங்க ஊர்ல நாலு கை இருக்கு. இரட்டைப் பிள்ளைங்க."

பிறகு மதியச் சாப்பாடு எங்கே என்று கேட்டார்.